ஐம்பது சாந்தீமுக்கு ஒரு வாக்குறுதி

வடக்குப் பிரான்சின் லீல் நகரத்தில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் கூடும் பழம்பொருள் சந்தையில், பீங்கான் தட்டுகளுக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நடுவே இருந்த ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு தாள்களை வாங்கி வந்தேன். ஒன்று, ஒரு வர்த்தக சபை வெளியிட்ட ஐம்பது சாந்தீம் தாள்; நூறு சாந்தீம் சேர்ந்தால் ஒரு பிராங்க். மற்றொன்று, ரூபே, தூர்குவான் என்னும் இரட்டை நகரங்கள் சேர்ந்து தம் பெயரில் வெளியிட்ட ஒரு பிராங்க் தாள். இரண்டும் முதல் உலகப்போர்க் காலத்தவை. முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பலமுறை மடித்து மடித்து அந்த மடிப்பின் வழியே அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிரிந்த துண்டுகளைப் பின்புறம் மெல்லிய காகிதம் ஒட்டி யாரோ ஒருவர் மிகப் பொறுமையாகச் சேர்த்திருக்கிறார்.

சேகரிப்பாளர்கள் இத்தகைய தாளை விரும்புவதில்லை. மடிப்பு விழாத, அச்சகத்திலிருந்து அப்படியே வந்தது போன்ற தாளுக்குத்தான் சந்தையில் மதிப்பு. எனக்கோ அந்த ஒட்டுதான் முக்கியமாகப் பட்டது. அரை பிராங்க் பெறுமான ஒரு துண்டுக் காகிதத்தை உட்கார்ந்து ஒட்டிச் சேர்க்கும் அளவுக்கு ஒருவருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியோடு படிக்கத் தொடங்கி, சில மாதங்களாக இதே வேலையாக இருக்கிறேன். படித்ததில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

போருக்கு முன் பிரான்சில் அன்றாடப் பணம் என்றால் அது உலோகம்தான். தங்கத்தில் 20 பிராங்க், 10 பிராங்க் காசுகள்; வெள்ளியில் 5 பிராங்க் பெருங்காசும், அதற்குக் கீழே 2 பிராங்க், 1 பிராங்க், 50 சாந்தீம் காசுகளும்; அவற்றுக்கும் கீழே வெண்கலச் சில்லறை. பிரான்சு வங்கியின் காகித நோட்டுகளும் இருந்தன என்றாலும், புழக்கத்தில் இருந்தவற்றுள் மிகச் சிறியதே 50 பிராங்க் நோட்டுதான். அது ஒரு தொழிலாளியின் கையில் அடிக்கடி தங்கும் தொகை அன்று. ரொட்டிக் கடையிலும் சந்தையிலும் கை மாறியது வெள்ளி. அந்த வெள்ளிக் காசுகளின் முகத்தில், எழும் கதிரவன் பின்னணியில் இருக்க, நடந்தபடி விதை தூவிச் செல்லும் ஒரு பெண்ணின் உருவம் இருந்தது. ஒஸ்கார் ரொத்தி என்ற கலைஞர் வடித்த அந்த உருவத்தை 'விதைப்பவள்' என்றே மக்கள் அழைத்தார்கள். 1897 முதல் காசுகளில் இருந்த அவள், 1903 முதல் அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றாள். அவளைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

1914 ஆகஸ்ட் 1 அன்று பிற்பகலில் படைதிரட்டல் ஆணை வெளியாயிற்று. 3ஆம் தேதி ஜெர்மனி போர் தொடுத்தது. ஆகஸ்ட் 5 அன்று பாராளுமன்றம் பல சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் இந்தச் சிறு தாள்களின் பிறப்பு எனக்குப் புரிந்தது. ஒரு சட்டம், நோட்டைக் கொடுத்தால் தங்கம் தர வேண்டும் என்ற கடமையிலிருந்து பிரான்சு வங்கியை விடுவித்து, அதன் நோட்டுகளை எல்லாரும் ஏற்றே ஆக வேண்டிய கட்டாயச் செலாவணி ஆக்கியது. வங்கி வெளியிடக்கூடிய நோட்டுகளின் உச்ச வரம்பையும் 680 கோடி பிராங்கிலிருந்து 1,200 கோடியாக உயர்த்தியது. மற்றொரு சட்டம், போர்முனைக்குப் போன படைவீரரின் ஏழைக் குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 1.25 பிராங்கும், பதினாறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சாந்தீமும் தருவதாக உறுதி கூறியது.

இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய்க்கு இந்தக் கணக்கில் நாளுக்கு 2.25 பிராங்க் கிடைக்கும். ஒரு 50 பிராங்க் நோட்டு அவளுடைய 22 நாள் வாழ்க்கைக்குச் சமம். அந்த நோட்டோடு அவள் கடைக்குப் போனால், மீதி கொடுக்க எந்தக் கடைக்காரரிடமும் சில்லறை இருந்திருக்காது. முன்வரிசையில் நின்ற அவளுடைய கணவனின் சம்பளமோ அப்போது நாளுக்கு 5 சாந்தீம். அது 25 சாந்தீமாக உயர்ந்ததே 1915 இலையுதிர் காலத்தில்தான். அரசு பெருந்தொகைகளை வேண்டிய அளவுக்கு அச்சிட்டுக்கொள்ள வழி செய்துகொண்டது. ஆனால் அந்தப் போர் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது மிகச் சிறு தொகைகளாக. அந்தச் சிறு தொகைகளைத் தாங்கிச் செல்ல உலோகம் இல்லாமல் போயிற்று.

இல்லாமல் போனது என்பதைவிட மறைக்கப்பட்டது என்பதே சரி. போர் என்ற சொல் காதில் விழுந்த அந்த வாரத்திலேயே தங்கமும் வெள்ளியும் அலமாரிகளுக்கும் மெத்தைகளுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் போய்விட்டன. வங்கிகளில் போட்ட பணத்தை எடுப்பதற்கும் அரசு கட்டுப்பாடு விதித்திருந்ததால், கையில் இருப்பதை விடக்கூடாது என்ற எண்ணம் இன்னும் வலுப்பெற்றது. 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரை நேரில் பார்த்த முதியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். அப்போதும் சில்லறை மறைந்ததும், உள்ளூர்த் தாள்கள் வந்ததும் அவர்களுக்கு நினைவிருந்தது. அதற்கும் முன்னர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசு வெளியிட்ட காகிதப் பணம் பெருந்தொகைகளில் மட்டுமே இருந்தபோது, நகராட்சிகளும் தனியார் குழுக்களும் 'நம்பிக்கைச் சீட்டு' என்ற பெயரில் சிறு தாள்களை அச்சிட்டிருந்தன. 1792 நவம்பரில் தேசிய மன்றம் அவற்றைத் தடை செய்தது. ஆகவே, 1914இல் ஊர்கள் கைக்கொண்ட வழி புதிதன்று. நூறாண்டுக்கும் மேலான பழைய வழிதான்.

பதுக்கியவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிராங்க் காசு என்பது ஆயிரத்துக்கு 835 பங்கு தூய்மையுள்ள 5 கிராம் வெள்ளி. அதில் 4.175 கிராம் அசல் வெள்ளி இருக்கிறது. பகைவன் வந்தாலும், அரசு மாறினாலும், அந்த வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். தலைவன் போர்முனையில் இருக்க, வீட்டில் தனித்திருந்த ஒரு பெண் அதைத் துணியில் முடிந்து வைத்தால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் ஒவ்வொரு வீட்டின் விவேகமும் சேர்ந்து ஊர் முழுவதற்கும் முட்டுக்கட்டை ஆயிற்று. 1915 கோடையில் அரசு தங்கத்தைக் கொடுங்கள் என்று மக்களிடம் வேண்டுகோள் விடுத்தபோது, தங்கக் காசிலிருந்து பாய்ந்து வரும் சேவல் ஒரு ஜெர்மானியச் சிப்பாயைத் தாக்குவது போல ஆபெல் ஃபெவ்ர் வரைந்த சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது. தங்கத்தைக் கொடுத்தவர்களுக்கு நோட்டும், நாட்டுப்பற்றைப் பாராட்டும் ஒரு சான்றிதழும் கிடைத்தன. ஆனால் நாட்டுக்குத் தங்கத்தைக் கொடுக்க முன்வந்தவர்கள்கூட வெள்ளிச் சில்லறையை வெளியே எடுக்கவில்லை என்பதையே அந்தப் போர்க்காலம் முழுவதும் நீடித்த தட்டுப்பாடு காட்டுகிறது.

பிரான்சு வங்கி கைகட்டி நிற்கவில்லை. நெருக்கடிக்கென்று முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்த 20 பிராங்க், 5 பிராங்க் நோட்டுகளை 1914 ஆகஸ்டிலேயே வெளியே விட்டது; பின்னர் 1916இல் 10 பிராங்க் நோட்டையும் கொண்டுவந்தது. ஆனால் ஐந்து பிராங்குக்குக் கீழே அது இறங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வர்த்தக சபைகள் நுழைந்தன.

பிரான்சின் வர்த்தக சபை என்பது வணிகர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட வெறும் சங்கம் அன்று. சட்டப்படி அமைந்த பொது நிறுவனம். துறைமுகம், கிடங்கு, சந்தை போன்றவற்றை நடத்தும் பொறுப்பும், கடன் வாங்கும் அதிகாரமும் அதற்கு இருந்தன. லிமோஜ் உட்படச் சில ஊர்களின் சபைகள் 1914 ஆகஸ்டிலேயே சிறு தாள்களை வெளியிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் இதில் இறங்கின. லியோன், மார்சேய், போர்தோ, துலூஸ் போன்ற பெருநகரங்களோடு, உலக வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிற்றூர்களின் சபைகளும், கடல் கடந்து அல்ஜீரியாவில் இருந்த சபைகளும் அவற்றுள் அடங்கும். பெரும்பாலும் மூன்றே மதிப்புகள்: 50 சாந்தீம், 1 பிராங்க், 2 பிராங்க். மறைந்துபோன மூன்று வெள்ளிக் காசுகளின் இடத்தில் மூன்று காகிதங்கள்.

இந்த ஏற்பாட்டின் அறிவுக்கூர்மை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஒரு சபை பத்து லட்சம் பிராங்குக்குத் தாள் அச்சிட விரும்பினால், அதே பத்து லட்சத்தைப் பிரான்சு வங்கியில் ஈடாகச் செலுத்த வேண்டும். அதாவது, நாட்டிலுள்ள பணத்தின் மொத்த அளவு ஒரு சாந்தீம்கூடக் கூடுவதில்லை. பெரிய நோட்டு வங்கிக்குள் போய் உறங்குகிறது. அதற்குச் சமமான சிறிய தாள்கள் தெருவுக்கு வருகின்றன. தாளை யார் கொண்டுவந்தாலும், குறித்த காலக்கெடுவுக்குள், பிரான்சு வங்கி நோட்டாக மாற்றித் தருவதாகச் சபை உறுதி கூறியது. ஜெர்மனியில் இதே போரின்போது தொடங்கிப் பின்னர் பெருவெள்ளமாகப் பெருகிய அவசரப் பணத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் வண்ணங்களும் அதன் வீழ்ச்சியும் எழுதுவதற்குச் சுவையானவை. பிரான்சின் வர்த்தக சபைத் தாள்கள் அப்படி விழவில்லை. அதனாலேயே அவற்றைப் பேசுவாரும் குறைவு. ஒழுங்காக வேலை செய்த ஒன்றுக்கு இப்படிப்பட்ட மறதி நேர்வது நியாயமன்று என்று நினைக்கிறேன்.

என்னிடம் உள்ள தாளை விளக்கொளியில் பலமுறை படித்திருக்கிறேன். மேலே சபையின் பெயர், நடுவில் மதிப்பு, சபை கூடித் தீர்மானித்த நாள், தொடர் எண், தலைவர், பொருளாளர் ஆகியோரின் கையெழுத்துகள், அச்சில். மூலைகளில் மெர்க்குரி தேவனின் பாம்பு சுற்றிய கோலும், பழங்கள் வழியும் வளத்தின் கொம்பும். இந்த இரண்டு சின்னங்களும் பல ஊர்த் தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றோடு அந்தந்த ஊர்ச் சின்னம், சேவல், உழவர், துறைமுகம், ஆலைப் புகைபோக்கி என்று ஒவ்வோர் ஊரும் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியதோ அப்படியெல்லாம் வரைந்து வைத்திருக்கிறது. பல தாள்கள் உள்ளூர் அச்சகத்தில் கல்லச்சில் அடித்தவை. அந்த அச்சகம் அதற்கு முந்தைய வாரம் மதுப்புட்டிக்கான முகப்புச் சீட்டையோ திருமண அழைப்பையோ அச்சிட்டிருக்கக்கூடும். பணம் என்பதற்குரிய கம்பீரம் அவற்றில் குறைவு. ஆனால் கையெழுத்திட்டவர் யார், அவர் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தாளை வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும். பிரான்சு வங்கி நோட்டில் கையெழுத்திட்டவரைக் கிராமத்தில் யாரும் பார்த்ததில்லை. இந்தத் தாளில் இருப்பவரையோ ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பார்க்கலாம்.

அந்த நெருக்கமே அதன் எல்லையும் ஆயிற்று. ஒரு சபையின் தாள் அந்தச் சபையின் வட்டாரத்தில்தான் செல்லும். 1915 கோடையில் படைவீரர்களுக்கு முறையான விடுப்பு தொடங்கியபோது, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் எல்லா ஊர்த் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்கள். ஓர் ஊரில் மாற்றிய இரண்டு பிராங்க் தாளை நான்கு நிலையம் தள்ளி இறங்கி நீட்டினால், கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அகழியில் மாதக்கணக்காக நின்றுவிட்டு வந்தவன், தன் நாட்டுக்குள்ளேயே தன் பணம் செல்லாது என்று கேட்க நேர்ந்த அந்தக் கணத்தை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. இதை ஓரளவு சரிசெய்யச் சில சபைகள் கைகோத்தன. கான், ஒன்ஃப்லேர் சபைகள் சேர்ந்து ஒரே தாளை வெளியிட்டன. கம்பேர், பிரெஸ்த் சபைகளும் அவ்வாறே செய்தன. மார்சேய், அவிஞ்ஞோன், நீம், துலோன் முதலிய தெற்கத்திச் சபைகள் 'புரோவான்ஸ் வட்டாரம்' என்ற பொதுப் பெயரில் தாள் வெளியிட்டன.

அழுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளிக் காசு ஆயிரம் கைகள் மாறினாலும் தேய்வது குறைவு. அரை பிராங்க் தாளோ ஒரு நாளைக்கே பலமுறை கை மாறும். மீன் விற்பவரின் ஈரக்கை, கரி அள்ளுபவரின் கருங்கை, பாலூற்றுபவரின் கை என்று போய்வந்து, சில மாதங்களில் எழுத்து மறைந்து கந்தலாகிவிடும். சபைகள் கிழிந்தவற்றைத் திரும்ப வாங்கி அழித்துப் புதியவற்றை வெளியிட்டன என்றாலும், சபை அலுவலகம் இருக்கும் நகரத்துக்குப் போய் மாற்றிக்கொள்வது எல்லாருக்கும் இயலக்கூடியதா? அரை பிராங்குக்காக அரை நாள் கூலியை இழக்க முடியாதவர் வீட்டிலேயே பசையை எடுத்து ஒட்டியிருப்பார். படைவீரர் குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் ஒரு நாள் உதவித்தொகை இதே 50 சாந்தீம்தான் என்பதையும் நினைத்துக்கொண்டால், என் கையில் இருக்கும் தாளின் பின்புறத்து ஒட்டு எதற்காக என்று நான் கேட்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஜெர்மானியப் படை எட்டாத பிரான்சின் கதை. வடக்கின் கதை வேறு. என் இரண்டாவது தாள் அங்கிருந்து வந்தது.

1914 அக்டோபரில் லீல் வீழ்ந்தது. 1918 அக்டோபர் 17 வரை அது பகைவர் கையில் இருந்தது. ரூபே, தூர்குவான், துவே, காம்ப்ரே, வலான்சியேன், சேன்-கான்தேன், லாவோன், செதான் என்று நெசவும் நிலக்கரியும் இரும்பும் செழித்த ஒரு நிலப்பரப்பு முழுவதும், ஏறத்தாழ இருபது லட்சம் மக்களோடு, போர்முனைக் கோட்டுக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. பிரான்சு வங்கியின் நோட்டு அங்கே வந்து சேர வழியில்லை. ஈடாகச் செலுத்த வைப்புத்தொகை இல்லை. ஆலைகள் நின்றுவிட்டன. ஆனாலும் நகராட்சி ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். வேலையிழந்தவருக்கு உதவி தர வேண்டும். போர்முனைக்கு அப்பால் சண்டையிட்டுக்கொண்டிருந்த படைவீரர்களின் குடும்பங்களுக்கு அரசு வாக்களித்த தொகையை யாராவது கொடுத்தாக வேண்டும். நகராட்சிகள் தாமே பணத்தை அச்சிட்டன. சாந்தீம் கணக்கில் தொடங்கி, பல பிராங்க் மதிப்பு வரை அந்தத் தாள்கள் ஏறின, கிராமங்களும் அச்சிட்டன, பல ஊர்கள் சேர்ந்து வட்டாரச் சீட்டுகளையும் வெளியிட்டன.

இவற்றுக்கு ஈடு என்ன? பெரும்பாலான தாள்களில் அதற்கான விடை அச்சிடப்பட்டிருக்கிறது: அமைதி உடன்பாடு கையெழுத்தான பின் திருப்பித் தரப்படும். அந்த ஒரு வரியை நான் முதன்முதலில் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். எந்த ஆண்டு என்று இல்லை. யார் வெல்வார்கள் என்று இல்லை. தெருவில் பகைவரின் காவல் நடந்துகொண்டிருக்க, ஒரு நகராட்சி தன் மக்களிடம், ஒரு நாள் இது முடியும், அன்று நாங்கள் இருப்போம், உங்களுக்குத் தர வேண்டியதைத் தருவோம் என்று ஒரு பிராங்க் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டு உருளைக்கிழங்கைக் கொடுத்திருக்கிறார்.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. ஆக்கிரமித்த படை, நகரங்களின் மீது பெரும் போர்த் தண்டங்களை விதித்தது. அந்தத் தொகைகளையும் இதே தாள்களில் கட்டும்படி வற்புறுத்தியது. மறுத்த ஊர்களிலிருந்து பிணையாட்களைப் பிடித்துச் சென்றது. ஊர் தன் மீட்சி நாளை அடகு வைத்து அச்சிட்ட தாள், அந்த ஊரையே கொள்ளையிடும் கருவியாகவும் ஆனது. அந்தத் தாளைக் கொண்டே ஜெர்மானியப் படையினர் உள்ளூரில் பொருள் வாங்கினார்கள். அச்சிட மறுத்தால் மக்களுக்குச் சோறு இல்லை. அச்சிட்டால் பகைவருக்கும் அது பயன்படும். அந்த நகராட்சி மன்றங்கள் நான்கு ஆண்டுகள் இந்த இக்கட்டில் இருந்தே ஊரை நடத்தின. 1915 முதல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரண ஆணையம் பெல்ஜியத்தோடு வடக்குப் பிரான்சுக்கும் உணவு அனுப்பத் தொடங்கியபோது, கடல் கடந்து வந்த கோதுமையும் பன்றிக் கொழுப்பும் உள்ளூர்க் குழுக்கள் வழியே மக்களிடம் சென்றன. மக்கள் அதற்குக் கொடுத்ததும் ஊர்த் தாளைத்தான். போர் முடிந்த பின் பிரெஞ்சு அரசு இந்தத் தாள்களின் சுமையை ஏற்று, அவற்றை மாற்றித் தரும் பெருவேலையில் இறங்கியது. வாக்குறுதி வீண்போகவில்லை.

வடக்கே ஆக்கிரமிப்பு ஒரு வாரமே நீடித்த ஊர் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஷாம்பேன் மது விளையும் எபெர்னே நகருக்குள் 1914 செப்டம்பர் முதல் வாரத்தில் ஜெர்மானியப் படை நுழைந்தது. மார்ன் போரில் தோற்றுப் பின்வாங்கியபோது வெளியேறியது. படை வருமுன் அதிகாரிகள் பணத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மது வணிகக் குடும்பத்தவரான மேயர் மொரீஸ் போல்-ரொஜே ஊரிலேயே தங்கி, தம் சொந்தப் பொறுப்பில் தாள்களை வெளியிட்டு ஊரின் அன்றாட வாழ்வை ஓட்டினார். அந்த ஊர் மக்கள் அவரை நெடுங்காலம் நன்றியோடு நினைத்திருந்தார்கள்.

1918 நவம்பரில் பீரங்கிகள் ஓய்ந்தன, சில்லறை திரும்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதுக்கிய வெள்ளி இனி வெளியே வரும் என்றுதான் அப்போதும் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் 1919 வசந்தத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிராங்குக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியதும் அதன் மதிப்பு சரியத் தொடங்கியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டே போய் 1920 தொடக்கத்தில் உச்சம் தொட்டது. விளைவாக, ஒரு பிராங்க் காசின் உள்ளே இருந்த வெள்ளி, ஒரு பிராங்கைவிட அதிக மதிப்புடையதாயிற்று. 1865இல் ஏற்பட்ட இலத்தீன் நாணய ஒன்றியத்தின்படி பிரெஞ்சு வெள்ளிக் காசு சுவிட்சர்லாந்திலும் செல்லும். அங்கே பிராங்க் வலுவாக இருந்தது. எல்லை கடந்த காசு திரும்பி வருமா? பாரிஸ் வர்த்தக சபை தன் பெயரில் சிறு தாள்களை வெளியிட்டதே போர் முடிந்த பின்னர், 1920இல்தான் என்பது, தட்டுப்பாடு தலைநகரை எவ்வளவு இறுக்கியிருந்தது என்பதைக் காட்டும்.

அதற்கும் கீழே, ஐந்து, பத்து, இருபத்தைந்து சாந்தீம் என்ற நிலையில், ஊர்களும் கடைகளும் ஆலைகளும் துத்தநாகம், இரும்பு, அலுமினியம், அட்டை என்று கிடைத்ததிலெல்லாம் வில்லைகள் செய்தன. மக்கள் அஞ்சல் தலைகளையே சில்லறையாகக் கொடுத்து வாங்கினார்கள். அவை ஒட்டிக்கொண்டும் கிழிந்தும் தொல்லை தந்தன. 1920இல் எதுவார் புஷோ-பிரசேக் என்பவர் இதற்கு ஒரு தீர்வு கண்டு காப்புரிமை பெற்றார்: காசு வடிவில் வட்டமான அலுமினியச் சிமிழ், உள்ளே அஞ்சல் தலை, அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய மூடி. பின்புறத்து உலோகத்தில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தம் விளம்பரத்தைப் பொறித்துக்கொண்டன. 'இதை யாராவது யோசித்திருக்க வேண்டுமே' என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளே அந்தச் சிமிழின் வணிகப் பெயராக இருந்தன. பச்சையில் 5, சிவப்பில் 10, நீலத்தில் 25 சாந்தீம் தலைகள் அவற்றுள் இருந்தன. அந்தத் தலைகளில் இருந்த உருவம் யார் என்றால், வெள்ளிக் காசோடு வீடுகளுக்குள் மறைந்துபோன அதே விதைப்பவள்தான். மக்கள் பதுக்கிவிட்ட பெண், காகிதமாகி, கண்ணாடி போன்ற மூடிக்குப் பின்னால் நின்றபடி கடைத்தெருவுக்குத் திரும்பி வந்தாள்.

காகிதத் தாள்களை ஒழித்தது கடைசியில் ஒரு புதிய காசு. 1920 முதல் பாரிஸ் நாணயச் சாலை அலுமினியமும் செம்பும் கலந்த பொன்னிற உலோகத்தில் 50 சாந்தீம், 1 பிராங்க், 2 பிராங்க் காசுகளை அடித்தது. பதுக்குவதற்கு அதில் எதுவும் இல்லை, உருக்கினாலும் பயனில்லை. தொமார் என்ற கலைஞர் செதுக்கிய மெர்க்குரி தேவன் ஒரு புறம் அமர்ந்திருக்கிறார். அது புழக்கத்தில் பரவப் பரவச் சபைகளின் தாள்கள் படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டு 1920களின் நடுவில் மறைந்தன.

அந்தக் காசு ஒன்றையும் பின்னர் தேடி வாங்கினேன். அடித்தது அரசின் நாணயச் சாலை. புழங்கியது நாடு முழுவதும். ஆனால் அதன் மீது குடியரசின் பெயர் இல்லை. 'பிரான்சின் வர்த்தக சபைகள்' என்றும், மறுபுறம் 'ஒரு பிராங்குக்கான சீட்டு' என்றும் பொறித்திருக்கிறது. ஊர்ச் சபைத் தாளில் இருந்த அதே சொல் உலோகத்திலும் தொடர்ந்தது. 1931இல் மொர்லோன் செதுக்கிய புதிய காசுகள் வந்தபோதுதான், அந்த மதிப்புகளில் சீட்டு என்ற சொல் நீங்கி, பிரெஞ்சுக் குடியரசு என்ற பெயர் மீண்டும் ஏறியது. இப்போது என் மேசையில் மூன்றும் வரிசையாக இருக்கின்றன: ஒட்டிய ஐம்பது சாந்தீம், அமைதி வரும் வரை காத்திருக்கச் சொன்ன ஒரு பிராங்க், மெர்க்குரியின் காசு. முதல் தாளில் அச்சிட்ட காலக்கெடு கடந்து நூறாண்டு ஆகப்போகிறது. ஒட்டியவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.